டிக்கற் விற்காத ஸ்டேசன்

சீனன்குடாவுக்கு அடுத்த சின்ன ஸ்டேசனை மூடப்போவதாகச் சொல்ல, கொழும்பிலிருந்து அதிகாரி வந்திருந்தார். அந்த ஊரில் பீ.ஏ. முடித்த அருள்மலருக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“தண்டவாளம் வந்த பிறகுதான் இந்த ஊரே வந்தது. ரயில் நிற்காட்டி நாங்கள் எங்க போறது?”

“ஆறு மாசமா இங்க ஒரு டிக்கற்றும் விற்கேல்லையே, தங்கச்சி.”

“ஒவ்வொரு நாளும் நாற்பது பேர் ஏறுகினம்!”

சொன்ன வேகத்திலேயே, கூடி நின்ற ஊராரின் பக்கம் திரும்பிச் சீறினாள். “டிக்கற் எடுக்காமப் போறது ஆர்? வெக்கமில்லையோ உங்களுக்கு?”

“ஏன் பிள்ளை கத்துறாய்? நாங்கள் கள்ளரோ?” என்று ரயில் கேற் பார்க்கும் ஹெக்டர், ரயில்வேக் குடும்பத்துக்கான இலவசப் பாஸை எடுத்து நீட்டினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக நீட்டினார்கள். ரயில்வே உத்தியோகம் இல்லாத வீடு அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

அதிகாரி கேட்டார்: “உங்கட அப்பாவும் ரயில்வேயோ?”

“ஓம்,” என்றாள் அருள்மலர். “நான் பேராதனை யுனிவர்சிட்டிக்குப் போய்ப் படிச்சதும் அவற்ர பாஸிலதான்.”