கூடை நிறையப் போன்

“போனைக் கூடையில போடுங்க கோயா காக்கா. தீவுல பாக்கி நீங்க ஒருத்தர்தான்.”

பஞ்சாயத்துத் தலைவர் ஹம்சத் மீன் கூடையை, ஊருக்கெல்லாம் ‘காக்கா’வான, அதாவது அண்ணனான, செறியகோயாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே இருநூறு போன்கள் அணைந்து கிடந்தன.

“நாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன் தலைவரே! பிரேசிலும் போர்ச்சுகலும் மோதுது. உலகக் கோப்பை கால் இறுதி. மேட்ச் ஆரம்பிச்சு கால் மணி நேரம்கூட ஆகலை, அதுக்குள்ள அணைன்னா எப்படி?”

“அஞ்சு மணிக்கு ஸமீஹாவுக்கு இன்டர்வியூ. ஒரு மணி நேரம். முடிஞ்சதும் தந்துடறேன்.”

“ஒரு பொண்ணு போர்ச்சுகல் போய்ப் படிக்கறதுக்கு ஊரே நோன்பு இருக்கணுமாக்கும்!”

“உங்க பிரேசில் தோக்கறதைப் பாக்காம இருந்தா உங்க ரத்தக்கொதிப்புக்கு நல்லதுதான் காக்கா” என்றான் அர்ஜென்டினாவின் நீலக்கோடு போட்ட சட்டையில் இருந்த ஒருவன். கூட்டம் சிரித்தது. பிரேசிலின் மஞ்சள் சட்டையில் நின்ற கோயாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனைக் கூடையில் போட்டார்.

லட்சத்தீவின் அந்தக் கடைசித் தீவுக்கு வருகிற நெட், தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி. நாலு பேர் திறந்தால் ஐந்தாவது ஆளுக்கு நூல் போலத்தான் வரும். போன புயலில் டிவி டிஷ்கள் பறந்துபோன பிறகு எல்லாருக்கும் மேட்ச் போனில்தான்.

ஸமீஹா கொச்சியில் கடல் உயிரியல் படிக்கிறாள். ஒரு பருவம் போர்ச்சுகலில் போய்ப் படிக்க மனுப் போட்டிருந்தாள். அறுபது பேர் மனுப் போட்டதில் ஒருவருக்குத்தான் இடம். போர்ச்சுகல் பேராசிரியையோடு நெட் வழியாக நடக்கும் இன்டர்வியூவுக்குக் கொச்சியில் இருந்திருக்க வேண்டியவள். கப்பல்காரர்கள் வழக்கம்போலக் காலை வாரிவிட, தீவிலேயே மாட்டிக்கொண்டாள். தேதி குறித்தது போன மாதம். அன்றைக்கு எந்த நாட்டுக்கு மேட்ச் வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஐந்து மணி. போன் இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஊரே ஸமீஹாவின் வீட்டு முற்றத்து மணலில் வந்து உட்கார்ந்தது. அவளுடைய உம்மா பீபாத்து, கூவுகிற சேவலைப் பிடித்து ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினாள். இரண்டு வயதுக் குழந்தைகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து ஸமீஹாவின் ஆங்கிலம் கேட்டது. ஒரு வரியும் புரியாமல் எல்லாரும் தலையாட்டினார்கள். நம்ம பெண் அல்லவா பேசுகிறாள்!

திடீரென்று, “ஹலோ... மேடம்? கேக்குதா?” குரல் தடுமாறியது. “ஹலோ?”

முற்றத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயாவுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. மெதுவாக மடியை அவிழ்த்து, இன்னொரு போனை எடுத்து அணைத்துக் கூடையில் போட்டார்.

“அடப்பாவி காக்கா!” பல்லைக் கடித்தார் தலைவர்.

“ஸ்கோர் மட்டும்தான் பாத்தேன்... அல்லா சத்தியமா!”

உள்ளே பேச்சு மறுபடி ஓடியது.

ஐந்து இருபதுக்கெல்லாம் கதவு திறந்தது. ஸமீஹாவின் கண்கள் சிவந்திருந்தன.

“முடிஞ்சிருச்சு.”

“ஒரு மணி நேரம்னு சொன்னியே மோளே?” பீபாத்து எழுந்து ஓடி வந்தாள்.

கோயா தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாம் என்னாலதான்! பாழாப்போன மேட்ச்! அந்த அம்மாவை மறுபடி கூப்பிடு மோளே, நான் பேசறேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன். கால்ல வேணும்னாலும் விழறேன்!”

ஸமீஹா கண்ணைத் துடைத்தாள். “பவளப்பாறை பத்தி நாலு கேள்வி கேட்டாங்க காக்கா. நாலுக்கும் சரியா சொன்னேன். நடுவுல லைன் போயி வந்ததும், ‘உன் பக்கம் ஏன் இவ்ளோ அமைதி? உங்க ஊர்ல யாரும் மேட்ச் பாக்கறதில்லையா’ன்னு கேட்டாங்க. விஷயத்தைச் சொல்லி, கம்ப்யூட்டரை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினேன்.”

“எங்களையா?” தலைவர் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கினார்.

“உங்க எல்லாரையும். போன் கூடையையும். அவங்க ஸ்க்ரீனுக்குக் கிட்ட வந்து பாத்தாங்க. அப்புறம், ‘கடலைப் பத்தி உனக்குத் தெரியுது, உன்னைப் பத்தி உன் ஊருக்குத் தெரியுது. இனிமே நான் கேக்க என்ன இருக்கு? செப்டம்பர்ல கிளம்பி வா’ன்னுட்டாங்க!”

கூட்டத்தில் எழுந்த சத்தத்தில், கவிழ்த்த கூடைக்குள் இருந்த சேவலும் கூவிவிட்டது. பீபாத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இருங்க, இன்னும் முடியலை” என்று ஸமீஹா கையை உயர்த்தினாள். “அவங்களும் உங்களை மாதிரிதான், மேட்சை விட்டுட்டுத்தான் எனக்காக உக்காந்திருந்தாங்க. கோட்டைத் திறந்து காட்டினாங்க, உள்ள போர்ச்சுகலோட சிவப்புச் சட்டை! ‘பத்து நிமிஷத்துல ரெண்டாவது பாதி, ஓடிப்போய் எல்லாருக்கும் போனைக் குடு. அந்த மஞ்சச் சட்டைக்காரர்கிட்ட மட்டும், முதல் பாதியில நாங்க ரெண்டு கோல் போட்டுட்டோம்னு இப்பத்தான் மெசேஜ் வந்துச்சுன்னு சொல்லிடு’ன்னாங்க!”

வாழ்க்கையிலேயே முதல்முறையாக, பிரேசில் வாங்கிய கோலுக்குச் செறியகோயா எழுந்து நின்று கைதட்டினார்.