முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே

புதுக் கமோடில் பேண்டோடு உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தான்.

சாத்தியது. முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு விரல் போகும்.

"போதும்ணே, ஜோரா இருக்கு" என்று உள்ளே இருந்தபடியே குழாய்க்காரர் சவரிமுத்துவுக்குக் குரல் கொடுத்தான்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாமியாருக்கு வலது கால் மடங்குவதில்லை. அவளுக்காகத்தான் தரையோடு கிடந்த பழைய கோப்பையை உடைத்து எடுத்தது. ஒரு பீரோவைப் படுக்க வைத்தால் நிறைந்துவிடும் கழிப்பறை. அதற்குள் இதை நுழைத்ததே பெரும்பாடு.

தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மருமகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொல்லவும் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாள்.

மாமியார் காப்பி வேண்டாம் என்றாள். மோரும் வேண்டாம் என்றாள். தண்ணீர்ச் செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

அவன் பேப்பர் படித்தான். மத்தியானம் வரை ஆற அமரப் படித்தான்.

மனைவி அடுக்களைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவுக்குக் கால நீட்டித்தான் உக்கார முடியும். கால் வாசலுக்கு வெளிய நிக்கி. கதவு சாத்த மாட்டேங்கு. நீங்க வீட்ல இருந்தா அவ எப்படிப் போவா?"

அவன் இருக்கும் இடத்தில் நாற்காலியில்கூட உட்காராதவள் மாமியார். அவன் மருமகனாக வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மடங்காத காலுக்கு வாங்கிய பொருள். மடங்குகிற காலை வைத்து அளவு பார்த்திருக்கிறான், புத்திசாலி.

அந்த நாலு பேர் மெச்சியதை நினைத்தான்.

கமோடை உடைத்தெடுத்துப் பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாரே தவிர வேலைக்கு வரமாட்டார்.

சட்டையை மாட்டினான்.

"நான் டவுனுக்குப் போறேன். வர சாயங்காலம் ஆவும்" என்றான், முன்னறைக்குக் கேட்கும்படி. டவுனில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

முன்னறையைக் கடக்கும்போது மாமியார் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். அவன் எதிரே வந்தால் அவள் எப்போதும் எழுவாள். இன்று எழுந்தது மரியாதைக்கா, அவசரத்துக்கா என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படி இறங்கினான்.