ஃபேனை மட்டும் மாத்துங்க

“இந்தப் பழைய கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டா நாளைக்கு கேம் போட்டி ஃபைனல் ஆடப் போறீங்க?” மெக்கானிக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஆமா. ஃபேன்தான் கத்துது. அதை மட்டும் மாத்துங்க,” என்றாள் அக்கா, கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல்.

“ஃபேன் கெடக்கட்டும்க்கா. படமே விக்கி விக்கி வருது. புது கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் ஜெயிக்கலாம்,” என்று பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து வைத்தான்.

கதவோரம் நின்ற தம்பி வாயைப் பொத்திச் சிரித்தான். “அண்ணே, அவகூட ஆடிப் பாருங்க. நீங்க ஜெயிச்சா கார்டு போட்டுரலாம்.”

சண்டை விளையாட்டு மெக்கானிக்குக்குத் தண்ணீர் பட்ட பாடு. கன்ட்ரோலரை வாங்கி உட்கார்ந்தான். முதல் ஆட்டத்தில் தோற்று, கைதவறிவிட்டது என்றான். அடுத்ததில் அவனுடைய வீரன் காலைத் தூக்கும் முன்பே உதை விழுந்தது. மூன்றாவதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

“படம் விக்குற விக்குல அடி எங்கேருந்து வருதுன்னே தெரியலக்கா. நீங்க மட்டும் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“படம் எப்படியோ போகட்டும். இந்த ஃபேன் போடுற கூச்சல்ல உங்க ஆளோட காலடிச் சத்தம் ரெண்டு தடவை எனக்குக் கேக்கல. அதான் ரெண்டு குத்து வாங்கிட்டேன்.”

அவன் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தான். அவள் முகம் திரையை நோக்கி இல்லை. ஸ்பீக்கர் பக்கம் காது சாய்ந்திருந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோல் தொங்கியது.

அவன் கார்டைப் பைக்குள் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

“இருக்கறதுலயே சத்தமில்லாத ஃபேனா போடறேன்க்கா. நாளைக்கு எதிராளி மூச்சு விட்டாக்கூட உங்களுக்குக் கேக்கணும்!”