காலிக் கட்டத்தில் ஓடிய கோடு

குறைமாதக் குழந்தையின் எடையை நாள்தோறும் குறிக்கும் எக்செல் தாளில், ஒரே வரிசையில் பதினான்கு எண்கள் குடியிருந்தன. வரிசைக் கடைசியில் ஒரு கட்டம் மட்டும் காலி.

நான்காம் நாள் எண்ணோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருப்பதிலேயே சிறியது அதுதான்: 1210 கிராம்.

"உன்னைப் பார்த்துத்தான் குழந்தையின் அம்மா அன்றைக்கு அழுதாள்" என்றது 1340 கிராமாக இருந்த முதல் நாள்.

"தராசு காட்டியதைத்தானே சொன்னேன்" என்றது நான்காம் நாள்.

ஒரு காலையில் நர்ஸ் செலின் பதினான்கு எண்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, காலிக் கட்டத்தில் ஒரு குட்டி வரைபடத்தைச் செருகினாள். அங்கே முடி போல ஒரு கோடு ஓடியது. கொஞ்சம் இறங்கியது, பிறகு ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

எண்கள் எட்டிப் பார்த்தன.

"யார் இது?" என்றது முதல் நாள், மெதுவாக.

"நீங்கள் எல்லாரும்தான்" என்றது கடைசிக் கட்டம்.

செலின் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மாவின் விரல் கோட்டின் அடிவளைவில் போய் நின்றது.

"இங்கேயிருந்துதானே சிஸ்டர், பிள்ளை ஏற ஆரம்பிச்சான்?"

பதின்மூன்று எண்களும் நான்காம் நாளைத் திரும்பிப் பார்த்தன.