தொடும் முன் கேள்

யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று ஜோதிலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

சின்னமனூர் தாண்டி, அவள் வேலை பார்க்கும் கல்லூரி வாசலில் கணவன் விஜயபாண்டி காரை நிறுத்தினான்.

"பிரின்சிபால்ட்ட நானே பேசிட்டேன். வேலையை விடுறதா எழுதிக் குடுத்துட்டு வந்து வீட்டுல இரு."

"அவுகளும் சரின்னுட்டாக" என்றாள் பின்சீட்டில் இருந்த மாமியார் மலையம்மாள். "ஊரான் பிள்ளைகளுக்குப் பந்து எறிஞ்சது போதும்த்தா."

ஜோதிலட்சுமிக்குக் கோபம்கூட வரவில்லை. மடியில் கிடந்த கைகள் யாருடையவோ போலிருந்தன.

மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர மாணவர்களைப் பழக்கும் பேராசிரியை அவள். முதல் வகுப்பில் அவள் சொல்வது ஒன்றுதான்: தொடும் முன் கேளுங்கள். போன வருடம், பார்வையில்லாத ஒருவரைக் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்த மாணவன் சுருளியாண்டியிடம், "ஏலே, அவரென்ன கன்னுக்குட்டியா?" என்று சத்தம் போட்டிருந்தாள்.

விஜயபாண்டி கார்க்கதவைத் திறந்து, அவளைத் தூக்கி வெளியே உட்காரவைத்தான்.

சுருளியாண்டி ஓடி வந்தான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"வீல்சேரைத் தள்ளட்டுமா மேடம்?"

விபத்துக்குப் பிறகு எல்லோரும் அவளைத் தூக்கினார்கள், திருப்பினார்கள், தள்ளினார்கள். கேட்டது இவன் ஒருவன்தான்.

"வேண்டாம்" என்றாள் மெதுவாக.

பிறகு கணவன் பக்கம் திரும்பி, அதே குரலில் இன்னொரு முறை சொன்னாள்.