பாதியா, கால்வாசியா?

கம்பெனி பஸ்ஸில் ஏறிய கோபி, தேவநாதனைக் கண்டதும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போய்விட்டான். தேவநாதனுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.

"இன்னாபா, அந்தாளு தெனமும் உன்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போறாரு? எதுனா வாய்க்காத் தகராறா?" என்று கேட்டார் டிரைவர் நெடுஞ்செழியன்.

"அவரு யாரோ, நான் யாரோ. ஓட்டுங்கண்ணே" என்றான் தேவநாதன்.

யாரோவா? விழுப்புரம் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவர்கள். திண்டிவனத்துப் பிஸ்கட் கம்பெனியில் கோபியைச் சேர்த்துவிட்டதே தேவநாதன்தான்.

சும்மா சேர்த்துவிடவில்லை. ஆள் கொண்டுவந்து விடும் பழைய ஊழியருக்கு இருபதாயிரம் ரூபாய் ரெஃபரல் போனஸ் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வருகிறவர் நேரடிப் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும், ஐ.டி.ஐ. முடித்திருக்க வேண்டும், தொண்ணூறு நாள் வேலையில் நிலைக்க வேண்டும். முதல் இரண்டும் கோபிக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அதற்கு முன்னால் பார்த்த நாலு வேலையிலும் நாற்பது நாளைத் தாண்டாதவன் என்பதால், மூன்றாவதுதான் தேவநாதனுக்குச் சந்தேகமாக இருந்தது.

விஷயத்தைக் கோபியிடம் சொல்லத்தான் நினைத்தான். வீட்டில் தையல்நாயகி விடவில்லை. அவளுடைய தோடு அடகில் இருந்தது. வட்டியோடு பதினேழாயிரம் கட்டித் தை மாதத்துக்குள் மீட்காவிட்டால் ஏலம்.

"பாதிய அவருக்குக் குடுத்துட்டு, ஒரு காதுத் தோட்ட மட்டும் மீட்டுக்கினு வருவீங்களா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனியில் வாய் சும்மா இருக்காதே! 'உன் ஆளு வந்துட்டான், பார்ட்டி எப்போ?' என்று எவனாவது கோபியின் காதுபடக் கேட்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் கோபியின் பயோடேட்டாவைத் தானே ஆபீசில் கொடுத்த தேவநாதன், வேலைக்கு வந்த முதல் நாளே அவனை ஓரமாக அழைத்துப் போனான்.

"மச்சான், இந்தக் கம்பெனியில சிநேகிதக்காரங்கள ஒண்ணா வெச்சிக்க மாட்டாங்க. நாம பழக்கம்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சிடும். உள்ள என்னைக் கண்டுக்கவே கண்டுக்காத."

"நீ சொன்னா சரிதான்டா" என்றான் கோபி. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் வாரம் தேவநாதனின் மனசாட்சி சுறுசுறுப்பாக இருந்தது. தையல்நாயகிக்குத் தெரியாமல் பாதியைக் கொடுத்துவிடலாம் என்றது. முப்பதாவது நாள் அது கால்வாசியாயிற்று. அறுபதாவது நாள் ஒரு நல்ல சட்டை போதும் என்று பட்டது. எண்பதாவது நாள் ஒரு பிரியாணி. எண்பத்தைந்தில், வேலை வாங்கிக் கொடுத்ததைவிடப் பெரிய பங்கு உலகத்தில் உண்டா என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

எண்பத்தெட்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. கோபி ஒரு மூட்டை வேர்க்கடலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தையல்நாயகிக்கு ஒரு புடவையும் இருந்தது.

"எங்க கொல்லியில வெளைஞ்ச மல்லாட்டடா. எங்கியும் நெலையா நிக்காத பையனை ஒன் சிநேகிதன் ஆளாக்கிட்டான்னு அப்பாரு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறாரு. நானும் உனக்காகத்தான்டா பல்லக் கடிச்சிக்கினு நிக்கிறேன். நான் பாதியில வுட்டுட்டுப் போனா உன் பேரு கெட்டுப்பூடாது?"

தையல்நாயகி மல்லாட்டையை அவித்து வைத்தாள். தேவநாதன் ஒன்றைக்கூட உரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்நாயகியே கடைசியில், "பாதிய அவருக்குக் குடுத்துடுங்க. கொறையிற பணத்தை எங்க அண்ணங்கிட்ட வாங்கிக்கலாம்" என்றாள்.

தொண்ணூறாவது நாள் வேலை முடிந்ததும், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கோபியை வரச் சொன்னான் தேவநாதன். இத்தனை நாள் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இன்றோடு இறங்கப் போகிறது.

"கோபி, உங்கிட்ட ஒரு விசயத்தை மறைச்சிட்டேன்டா. எனக்குக் கொஞ்சம் பணம் வருது. அதுல..."

"அது கெடக்குது, மொதல்ல நான் சொல்றதக் கேளு." கோபி அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இன்னிக்கு ஹெச்.ஆர். மேடம் என்னைத் தனியாக் கூப்ட்டாங்க. தேவநாதன் உங்களுக்கு நேரடிப் பழக்கமான்னு கேட்டாங்கடா. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு."

டீ கிளாஸ் தேவநாதனின் உதட்டுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"நீ... நீ இன்னா சொன்ன?"

கோபி பெருமையோடு அவன் தோளில் கை போட்டான்.

"உன்னைக் காட்டிக் குடுப்பனா? அந்தாளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டேன்!"