ஆணியும் சட்டையும்

“நெஞ்சுல ஆணியடிச்சு அதுலயே சட்டையையும் மாட்டுறீங்களேம்மா!” தக்காளிக்குப் பேரம் பேசிய பெண்ணிடம் கடைக்காரர் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குமுதவல்லி மட்டும் பையைச் சுருட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். அவள் புருஷன் தணிகாசலத்தின் நாடகம் மேடையேறியதிலிருந்து ஊர் வாயில் அதில் வரும் இந்த வசனம்தான். சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் சொல்கிறார், சட்டசபையில்கூட யாரோ சொன்னார்களாம்.

போன வருஷம் இதே நாளில், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே ஒத்திகைக்குக் கிளம்பிய புருஷனைப் பார்த்து அவள் வயிறெரிந்து சொன்னது அது. தணிகாசலம் வாசலிலேயே நின்று, “என்ன சொன்ன?” என்று கேட்டான். இன்னொரு தடவை சொன்னாள். மனசு இளகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தாள்.

வீட்டில் அவன் பாராட்டு விழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?”

“வந்து பேசிக்கலாம். கார் வந்துடுச்சு.”

வேறு வார்த்தை தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அதையேதான் சொன்னாள்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தான்.

“அடடே, உன்னையும் தொத்திக்கிச்சா?”